இடுப்பில் வைத்த உலோகத்தை உடம்பு எதிர்க்கிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

கவிமகள்:
அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலவை என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது. இத்தனை காலமும் நன்றாக நடந்துகொண்டிருந்தார். இப்போது தொடையிடுக்கில் வலி, படி ஏறினால் கூடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 9.4 மைக்ரோகிராம், குரோமியம் 6.8 என்று வந்திருக்கிறது.

ஒரு மருத்துவர் உலோக அலர்ஜி என்கிறார். இன்னொருவர் தேய்மானம்தான், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார். மூன்றாமவர் கிருமித்தொற்றாக இருக்குமோ என்கிறார். இவை மூன்றும் வேறு வேறு நோயா, ஒரே நோயை மூன்று பக்கமிருந்து பார்க்கிறார்களா? அலர்ஜி என்று கேட்டதிலிருந்து அம்மா தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள். நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

படிதாண்டி:
எனக்கும் உலோகத்தின்மேல் உலோகம்தான், ரீசர்ஃபேசிங் வகை, அதாவது எலும்பின் பந்தை வெட்டி எடுக்காமல் அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டுவது. வலி எதுவும் இல்லை, நீச்சல் அடிக்கிறேன். எல்லாருக்கும் கெட்டுப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இழைகளைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிற மூட்டைப் போய் எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நுண்ணோக்கி:
மறு அறுவையில் எடுத்து அனுப்பும் திசுக்களைப் பார்த்து அறிக்கை தருவது என் வேலை. கவிமகள், உங்கள் கேள்வி சரியான கேள்வி. மூன்றும் வேறு வேறு. ஆனால் ஒரே ஆளிடம் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம், அதனால்தான் குழப்பம்.

முழு உலோகத் துண்டை உடம்பு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதன் மேல் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கிறது, அது உலோகத்தைக் காக்கிறது. சிக்கல் தூளில்தான் தொடங்குகிறது. பந்தும் கிண்ணமும் உரசும்போது உதிரும் உலோகத் துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன் லைனர், அதாவது பிளாஸ்டிக் உள்ளுறை வைத்த மூட்டிலும் துகள் உதிரும், ஆனால் அவை இவற்றைவிடப் பெரியவை. உலோக மூட்டில் உதிரும் மொத்த அளவு குறைவு, எண்ணிக்கை மட்டும் மிகமிக அதிகம். எண்ணிக்கை கூடினால் திரவம் படும் பரப்பும் கூடும், அயனியாகக் கரைவதும் கூடும்.

அந்தத் துகளைத் தேடி முதலில் வருபவை மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள். கிருமியை விழுங்குவது போலவே உலோகத்தையும் விழுங்கி, லைசோசோம் எனும் அமிலம் நிறைந்த செரிமானப் பைக்குள் தள்ளுகின்றன. கிருமி அங்கே செத்துப்போகும். கோபால்ட் சாகாது, கரையும். கரைந்த அயனிகள் அந்தச் செல்லையே நஞ்சாகத் தாக்கும். செல் செத்து உடைந்தால் மிச்சத் துகள் வெளியே வரும், அடுத்த செல் வந்து விழுங்கும். இது முடிவதே இல்லை. நடுவில் அந்தச் செல்களுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற எச்சரிக்கை அமைப்பு தூண்டப்பட்டு ஐஎல்-1பீட்டா என்ற அழற்சியைத் தூண்டும் புரதம் வெளியேறும். அதே வகையான டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 எல்லாம் கூடவே வரும். இவை எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உசுப்பிவிடும். மூட்டைச் சுற்றி எலும்பு அரிபடுவது இப்படித்தான். இதில் அலர்ஜி என்று எதுவும் இல்லை. போதிய அளவு தூள் விழுந்தால் யாருக்கும் நடக்கும்.

இரண்டாவது வழி டி செல்களுடையது. இவை குறிப்பிட்ட எதிரியை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் வெள்ளணுக்கள். உலோக அயனி தனியாக இருக்கும்போது டி செல் அடையாளம் காண முடியாத அளவுக்குச் சிறியது. அல்புமின் போன்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் கதை மாறுகிறது. உடம்பின் சொந்தப் புரதமே அந்நியப் பொருளாகத் தெரியத் தொடங்கும். மற்ற எதிர்ப்புச் செல்கள் தங்கள் மேற்பரப்பிலுள்ள ஹெச்எல்ஏ என்ற மூலக்கூறின் மேல் வைத்து அதை டி செல்லுக்குக் காட்டுகின்றன, டி செல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை கொஞ்சம் உலோகம் போதும். இது நான்காம் வகை, தாமதமாக வரும் ஒவ்வாமை. நிக்கல் வளையல் பட்ட இடத்தில் தோல் தடிப்பதும் இதே வகைதான். இடம் மட்டும்தான் வேறு.

நுண்ணோக்கியில் இரண்டும் வேறு மாதிரித் தெரியும். முதல் வழியில், கருந்துகள்கள் நிரம்பிய மேக்ரோஃபேஜ்கள் பாய்போட்டது போல் பரவியிருக்கும். இரண்டாவதில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் சேர்ந்த வெள்ளணு வகை) வளையம் கட்டி நிற்கும், கூடவே எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள், திசு செத்த பகுதிகள். 2005இல் வில்லர்ட் குழுவினர் இதை விவரித்து எழுதினார்கள், இந்த லிம்ஃபோசைட் வகைத் திசு மாற்றத்துக்கு ஆல்வால் என்ற சுருக்கப் பெயர் அப்போதிருந்து புழங்குகிறது. 2008இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் மூட்டை ஒட்டித் திரவமும் திடமுமாக வளரும் திரட்சிகளைப் போலிக்கட்டி என்று அறிக்கையிட்டார்கள். அது புற்றுநோய் இல்லை. ஆனால் பக்கத்துத் தசையையும் நரம்பையும் நாசமாக்கும் திறன் அதற்கு உண்டு. 2010இல் வந்த இன்னோர் ஆய்வில், அதிகம் தேய்ந்த மூட்டுகளின் திசுக்களில் மேக்ரோஃபேஜ்களும், தேய்மானம் குறைந்தும் கெட்டுப்போன மூட்டுகளின் திசுக்களில் லிம்ஃபோசைட்டுகளும் மேலோங்கியிருந்தன. அம்மாவிடம் இந்த இரண்டு வழிகளும் சேர்ந்தே இருக்கலாம், மூன்று மருத்துவர்களில் முதல் இருவரும் ஒரே யானையின் வேறு வேறு பக்கத்தைத் தொடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

கோபால்ட்டிடம் இன்னொரு குணமும் இருக்கிறது. ஆக்சிஜன் போதவில்லை என்று செல்லை நம்பவைத்துவிடும். ஹெச்ஐஎஃப் என்ற புரதம் சிதையாமல் தேங்கி, செல் மூச்சுத்திணறலில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். திசு சாவதில் இதற்கும் பங்கு உண்டு.

சும்மாஒருகேள்வி:
அப்படியானால் மேக்ரோஃபேஜ் போன்றவற்றின் உள்ளார்ந்த எதிர்ப்பு, டி செல் எதிர்ப்பு என்று இரண்டு தனித்தனிக் கதவுகளா?

நுண்ணோக்கி:
பாடப்புத்தகத்தில் அப்படித்தான். உலோகம் அந்த எல்லையைக் கலைக்கிறது. பாக்டீரியாவின் நச்சுப்பொருளைக் கண்டுபிடிக்கவென்றே டிஎல்ஆர்4 என்று ஓர் உணரி நம் செல்களின் மேல் இருக்கிறது. நிக்கல் நேரடியாக அந்த உணரியிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று 2010இல் காட்டினார்கள். மனித டிஎல்ஆர்4இல் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டுதான் பிடிமானம். எலியின் உணரியில் அந்த இரண்டும் இல்லை, அதனால் எலி இதே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை. கோபால்ட்டும் இதே உணரியைத் தூண்டுகிறது. அதாவது கிருமியே இல்லாமல், கிருமி வந்தது போன்ற அபாயச் சங்கு ஊதப்படுகிறது. அந்தச் சங்கொலியில்தான் டி செல்லும் விழித்துக்கொள்கிறது. எலியில் பாதுகாப்பாகத் தெரிந்த பொருளை மனிதருக்கும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உலோகவேலை:
உலோகவியல் பக்கமிருந்து ஒரு வார்த்தை. தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் எதிர்ப்பைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே மெல்லிய திரவப்படலம் இருக்கும்வரை தேய்மானம் குறைவு. கிண்ணம் செங்குத்தாகப் பொருத்தப்பட்டால் பாரம் முழுதும் அதன் விளிம்பில் விழும், படலம் கிழியும், தூள் கொட்டும். சிறிய அளவு ரீசர்ஃபேசிங் மூட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம். பெண்களில் பழுது விகிதம் கூடியதற்கு இது ஒரு காரணம். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டின் கிண்ணம் ஆழம் குறைந்த வடிவம். ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது.

இரண்டாவது இடம் பலர் மறந்துவிடுவது. தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டின் கழுத்தில் பந்து செருகப்படும் கூம்பு. ஒவ்வோர் அடிக்கும் அங்கே கண்ணுக்குத் தெரியாத அசைவு, அந்த இடுக்கில் தேங்கும் திரவம், இரண்டு வேறு உலோகங்கள். ஆக்சைடு படலம் சுரண்டப்பட்டு, மீண்டும் உருவாகி, மீண்டும் சுரண்டப்படும். அரிமானம் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் பாலிஎத்திலீன் லைனர் இருந்தாலும், பந்து கோபால்ட்-குரோமியமாக இருந்தால் இது வரலாம். அப்போது ரத்தத்தில் கோபால்ட் ஏறும், குரோமியம் அந்த அளவுக்கு ஏறாது. கவிமகள் சொன்ன எண்களில் இரண்டும் ஏறியிருக்கின்றன, அதனால் உரசும் பரப்பின்மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனால் எண்ணை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்க முடியாது.

ஒரு பழைய செய்தியையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நவீன இடுப்பு மாற்றின் தந்தை என்று மதிக்கப்படும் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் டெஃப்ளான் கிண்ணங்களை வைத்தார். வழவழப்பான பொருள், உடம்பில் வினைபுரியாது என்று நம்பினார்கள். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, தூளைச் சுற்றிப் பெரிய அழற்சித் திரட்சிகள் வந்தன. அவர் டெஃப்ளான் தூளையும் பாலிஎத்திலீன் தூளையும் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். மாதங்கள் கழித்தும் டெஃப்ளான் இட்ட இடத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது, பாலிஎத்திலீன் இட்ட இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. 1963இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஒரு பொருள் முழுத் துண்டாக இருக்கும்போது சாதுவாக இருக்கிறதா என்பது வேறு, தூளாகும்போது சாதுவாக இருக்கிறதா என்பது வேறு. பல பத்தாண்டுகள் கழித்து உலோகத்தின்மேல் உலோகம் மறுபடி பரவியபோது இந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

கவிமகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். தோல் பரிசோதனை செய்தால் அலர்ஜியா இல்லையா என்று தெரிந்துவிடுமா? செய்யச் சொல்லி ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மாவின் தோடு விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

தோல்மருத்துவம்:
தோட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காதிலோ கையிலோ அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் கழற்றத் தேவையில்லை. நகையைக் கழற்றுவதால் இடுப்புக்குள் எதுவும் மாறப்போவதில்லை.

பேட்ச் டெஸ்ட், அதாவது நீங்கள் கேட்ட, உலோகத்தைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை, தோலுக்கு நல்ல பரிசோதனை. மூட்டுக்கு அது ஒரு துணைச் சாட்சி, அவ்வளவுதான். தோலில் உலோகத்தைப் பிடித்துக் காட்டும் செல்கள் வேறு, மூட்டுக்குள் இருப்பவை வேறு. தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ள எத்தனையோ பேர் செயற்கை மூட்டோடு நிம்மதியாக நடமாடுகிறார்கள். தோலில் ஒன்றும் காட்டாதவர்களுக்கு மூட்டில் ஆல்வால் வந்ததும் உண்டு.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு கணக்கு இருக்கிறது. 2001இல் ஹாலப் குழுவினர் தொகுத்தது: பொதுமக்களில் 10 சதவீதம் பேருக்கு உலோக உணர்திறன், நன்றாக வேலை செய்யும் மூட்டு உள்ளவர்களில் 25 சதவீதம், பழுதான மூட்டு உள்ளவர்களில் 60 சதவீதம். இதைப் படித்ததும் அலர்ஜியால்தான் மூட்டு கெடுகிறது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் விதை முந்தியா மரம் முந்தியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கெட்டுப்போன மூட்டிலிருந்து கொட்டிய உலோகமே அந்த உணர்திறனை உண்டாக்கியிருக்கலாமே.

ரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட்டுகளை எடுத்து உலோகத்தோடு வளர்த்து, பெருகுகின்றனவா என்று பார்க்கும் எல்டிடி பரிசோதனையும் உண்டு. அதுவும் உணர்திறன் இருக்கிறது என்றுதான் சொல்லும், வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லாது. அறுவைக்கு முன் எல்லாருக்கும் பேட்ச் டெஸ்ட் செய்யுங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. கண்ணாடி ஃப்ரேம், பெல்ட் பக்கிள் பட்டே கடுமையாகத் தடிக்கிறவர் என்றால் மட்டும் முன்கூட்டியே பேசி, பொருளைத் தேர்ந்தெடுப்பது நியாயம்.

சும்மாஒருகேள்வி:
நிக்கல் அலர்ஜி உள்ளவர் எந்த உலோகத்தைக் கேட்க வேண்டும்?

உலோகவேலை:
316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 10 முதல் 14 சதவீதம் வரை உண்டு. வார்ப்பு கோபால்ட்-குரோமியத்தில் நிக்கல் அரை சதவீதத்துக்கும் கீழ்தான், ஆனால் அதன் பெரும்பகுதியே கோபால்ட். நிக்கலுக்கு ஒவ்வாதவர்களில் சிலருக்குக் கோபால்ட்டும் ஒவ்வாது. டைட்டானியம் தண்டு, செராமிக் பந்து, தேய்மானம் குறையக் குறுக்குப்பிணைப்பு ஏற்றிய பாலிஎத்திலீன் லைனர் என்பது இப்போது பரவலாகக் கிடைக்கும் சேர்க்கை. அதில் கோபால்ட் பிரச்சினையே எழாது.

படிதாண்டி:
சரி, விஞ்ஞானமெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். வலியே இல்லாத எனக்கு ஏன் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன்? உடம்பு நன்றாக இருக்கும்போது தேடித்தேடிப் போய் நோய் பிடித்துக்கொள்ளவா?

மூட்டுமேசை:
படிதாண்டி சார், எலும்பு மூட்டு அறுவை செய்கிறவன் என்ற முறையில் உங்களுக்குப் பதில் சொல்கிறேன். நீங்கள் நீச்சல் அடிப்பது மகிழ்ச்சி. நல்ல வடிவமைப்பில், சரியான கோணத்தில் பொருத்திய ரீசர்ஃபேசிங் பல ஆண்டுகள் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வலியை மட்டும் நம்ப முடியாது. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்த ஆய்வுகளில் போலிக்கட்டிகள் கணிசமாகவே தென்பட்டன. அவற்றில் பல சிறிய நீர்ப்பைகள், அப்படியே இருந்துவிடும், தொட வேண்டியதில்லை. சில மட்டும் இடுப்பை விலக்கித் தாங்கும் தசைகளைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். அந்தத் தசை போன பிறகு நான் எவ்வளவு நல்ல மூட்டு வைத்தாலும் நடை திரும்பாது, மூட்டு நழுவிக்கொண்டே இருக்கும். போலிக்கட்டிக்காகச் செய்யும் மறு அறுவைகளின் பலன் மற்ற மறு அறுவைகளைவிட மோசமாக இருந்ததற்கு முக்கியக் காரணம் தாமதம்தான். உங்களைப் பரிசோதனைக்கு வரச் சொல்வது மூட்டை எடுப்பதற்கு மட்டும் அல்ல, எடுக்கத் தேவையில்லை என்று உறுதிசெய்துகொள்வதற்கும்தான்.

கவிமகள், எண்களைப் பற்றி. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பு 2010இல் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற அளவைச் சொன்னது. அதைத் தாண்டினால் கவனமாகப் பார், ஸ்கேன் எடு, திரும்ப அளந்து பார் என்பதுதான் பொருள். தாண்டினால் உடனே எடுத்துவிடு என்றில்லை. அதைவிட முக்கியம், 7க்குக் கீழே இருப்பதால் பத்திரம் என்றும் இல்லை. பழுதான மூட்டுகளில் ஏறத்தாழ பாதியைத்தான் அந்த எல்லை பிடிக்கிறது என்று அடுத்த ஆண்டே ஓர் ஆய்வு வந்தது. டி செல் வழியில் கெடும் மூட்டுக்கு நிறைய உலோகம் தேவைப்படாது என்று நுண்ணோக்கி சொன்னாரே, அதோடு இது பொருந்துகிறது.

ரத்தம் எடுக்கும் முறையும் முக்கியம். நுண்தனிமங்களுக்கென்றே உள்ள குழாயில் எடுக்க வேண்டும். ஊசியிலிருந்து வரும் உலோகம் கலக்காமல் இருக்க முதலில் வரும் ரத்தத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஒருமுறை முழு ரத்தத்திலும் அடுத்த முறை அணுக்கள் நீக்கிய சீரத்திலும் அளந்து ஒப்பிடக் கூடாது. அம்மாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள், கோபால்ட் வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

எக்ஸ்ரே சரியாக இருப்பதால் நிம்மதி அடைய வேண்டாம். மென்திசு அதில் தெரியாது. உலோகத்தால் படம் கலையாமல் எடுக்கும் மார்ஸ் வகை எம்ஆர்ஐ கேளுங்கள். அது இல்லாத இடத்தில் அனுபவமுள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்ட் உதவும்.

கவிமகள்:
அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகக் காதில் இரைச்சல் என்கிறார். வயதுதான் காரணம் என்று விட்டுவிட்டோம். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

மூட்டுமேசை:
இருக்கலாம், கட்டாயம் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். கோபால்ட் மிக அதிகமாகும்போது காது, கண், தைராய்டு, நரம்பு, இதயத் தசை பாதிக்கப்பட்ட நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலும் அம்மாவின் அளவைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தவர்கள். இது எதிர்ப்பு மண்டலத்தின் வேலை அல்ல, நேரடி நச்சு. 1960களில் கனடாவின் கியூபெக்கில் பீர் நுரைக்காகக் கோபால்ட் சேர்த்தபோது குடித்தவர்களுக்கு இதயத் தசை நோய் வந்தது மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. மிக ஆபத்தான சூழல் ஒன்று உண்டு. செராமிக் பந்து உடைந்து, அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது. உள்ளே மிஞ்சிய செராமிக் சில்லுகள் உலோகத்தை அரைத்துத் தள்ளிவிடும். உடைந்த செராமிக்குக்குப் பதில் மறுபடி செராமிக்தான் வைக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கேட்கும் திறன் பரிசோதனை, தைராய்டு, இதய எக்கோ மூன்றும் பார்த்துவிடுவது நல்லது. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை.

நுண்ணோக்கி:
மூன்றாவது மருத்துவர் சொன்ன தொற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத் தள்ளிவைக்கவே கூடாது. உலோக எதிர்வினையிலும் சீழ் போன்ற கலங்கிய திரவம் வரும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்த அளவு கொஞ்சம் ஏறும். அதைத் தொற்று என்று நினைப்பதும் நடக்கிறது, உண்மையான தொற்றை உலோகம் என்று நினைப்பதும் நடக்கிறது. இரண்டாவதுதான் கொடுமை. தொற்று இருக்கும் இடத்தில் புது மூட்டை வைத்துத் தைத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

அதனால் மூட்டுத் திரவத்தை ஊசியால் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கல்ச்சருக்கு முன் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடாதீர்கள். அப்புறம் இன்னொன்று. திரவத்திலுள்ள வெள்ளணுக்களை எந்திரம் எண்ணினால், உலோகத் தூளையும் செத்த செல் துணுக்குகளையும் அணுக்கள் என்று சேர்த்து எண்ணிவிடும். கண்ணால் பார்த்து எண்ணச் சொல்லிக் கேளுங்கள். தொற்றைக் கண்டுபிடிக்க உதவும் ஆல்ஃபா-டிஃபென்சின் பரிசோதனையும் உலோகத் தூள் நிறைந்த மூட்டில் தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருக்கிறது.

படிதாண்டி:
மூட்டுமேசை சார், விளக்கத்துக்கு நன்றி. எனக்குக் கடைசியாக ஸ்கேன் எடுத்து வெகு காலமாகிவிட்டது. எடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன். கவிமகள், அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

கவிமகள்:
எம்ஆர்ஐக்கு எழுதி வாங்கிவிட்டோம். திரவம் எடுப்பதைப் பற்றியும் கேட்டேன், ஸ்கேன் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்கள். ஒருவேளை மறு அறுவை என்று வந்தால் முன்கூட்டியே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

மூட்டுமேசை:
தண்டு எலும்போடு உறுதியாகப் பிடித்திருக்கிறதா, கூம்பு அரித்திருக்கிறதா என்று கேளுங்கள். தண்டு நன்றாக இருந்தால் எடுக்காமல் விட்டு, கிண்ணத்தையும் பந்தையும் மட்டும் மாற்றலாம். பழைய கூம்பின்மேல் செராமிக் பந்து வைப்பதானால் நடுவே டைட்டானியம் உறை போடுவார்களா என்று கேளுங்கள். இடுப்பு விலக்கும் தசைகளின் நிலை ஸ்கேனில் எப்படி என்று கேளுங்கள், நழுவாமல் இருக்க எந்த வகைக் கிண்ணம் என்பது அதைப் பொறுத்தது. உலோகம் போன பிறகு ரத்தத்தில் கோபால்ட் வேகமாகவே இறங்கும்.

நுண்ணோக்கி:
எடுக்கும் திசுவைப் பல இடங்களிலிருந்து எடுத்து, ஒரு பங்கைக் கல்ச்சருக்கும் ஒரு பங்கைத் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். படிவத்தில் உலோகத்தின்மேல் உலோகம், கோபால்ட் அளவு இத்தனை என்று எழுதி அனுப்பினால் பார்க்கிறவர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேடுவார். வெறுமனே மூட்டுத் திசு என்று மட்டும் எழுதி வரும் படிவங்கள்தான் அதிகம்.